எண்பத்தேழாவது ஆடு

நகர்ந்து உட்கார் தம்பி. இன்னும் கொஞ்சம். ஜன்னலோரம் எனக்கு வேண்டாம், சாரல் அடிக்கிறது, நீயே நனை. இந்தத் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொள். காலித் தூக்குதான், கடிக்காது. தம்பி என்றால் கோபம் வருமோ? தலை நரைத்திருக்கிறதே என்று கேட்டேன். வந்தால் வரட்டும். எனக்கு அறுபத்தாறு.

புதுச்சந்தைக்குப் போகிறேன். கறி வாங்க.

தெரியும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. முப்பத்தொரு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்குக் கிழமை தெரியாதா? நான் வெள்ளிக்கிழமை கறி வாங்கினால் உனக்கென்ன? நீயா தின்னப் போகிறாய்?

எங்கள் ஊரில் கறிக்கடை கிடையாது. சித்தேரிக்குப்பம். மீன் கிடைக்கும், நண்டு கிடைக்கும், கறி கிடைக்காது. பதினோரு மாதமாகக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று ஊரில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மீதிப்பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து மெதுவாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போனை உள்ளே வை. இந்த ரோட்டில் டவர் வராது. புதுச்சந்தை போக முக்கால் மணி ஆகும். கேள். கேட்டுவிட்டு நீயே சொல், தப்பு யார்மேல் என்று. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, நான் திருத்துகிறேன்.

நான் கால்நடை ஆய்வாளர். ஓய்வு பெற்று எட்டு வருஷம். பேர் தெய்வசிகாமணி. ஊரில் டாக்டர் என்பார்கள். டாக்டர் இல்லை. ஊசி போடுவேன், காயடிப்பேன், தலை எண்ணிக் கணக்கெழுதுவேன். கூப்பிடுகிறவன் வாயைப் போய்த் திருத்திக்கொண்டிருக்க எனக்கு நேரம் கிடையாது. விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏதோ பேர் வைத்தார்கள், வாயில் நுழையவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் தாசில்தார் போன் செய்தார். எங்கள் குப்பத்தில் ஒரு சங்கடம் உண்டு. புயல் என்றால் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். ஆட்டை உள்ளே விடமாட்டார்கள். ஆட்டை விட்டுவிட்டுப் பொம்பளைகள் வரமாட்டார்கள். ஆம்பளை கடலுக்குப் போய்விடுவான், வீட்டில் ஒருத்திக்கு ரொக்கம் என்று ஏதாவது இருந்தால் அது நாலு காலில் நின்று கத்திக்கொண்டிருக்கும். அதை எப்படி விட்டுவிட்டு வருவாள்? முந்தின புயலில் பதினாறு பேர் குடிசையிலேயே ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். படகு வைத்துத் தூக்கிவர வேண்டியதாகிவிட்டது.

அதனால் இந்தத் தடவை ஆட்டுக்குத் தனி முகாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பூங்கோதை மஹால், கல்யாண மண்டபம். அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பொறுப்பாளர் வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் எனக்கப்புறம் ஆள் போடவேயில்லை. "நீங்கதான் சார் பாத்துக்கணும்" என்றார். பொறுப்பாளர் என்று எழுத்தில் கொடுப்பீர்களா என்றேன். கொடுப்பேன் என்றார். சரி என்றேன்.

ஆள் வேண்டுமே. தன்னார்வலர்கள் என்று ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மூன்று பேர். ஒருத்தன் யோகா வாத்தியார். கிடா ஒன்று தலையைக் குனிந்தது, அன்றைக்கு அவன் ஓடினதுதான் உண்மையான பயிற்சி. இன்னொருத்தனுக்கு ஆட்டு மயிர் பட்டால் தும்மல் வரும். வருவதற்கு முன்னால் அதை வீட்டிலேயே யோசித்திருக்கலாம். மூன்றாவது ஆள் ஒரு குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு பதினெட்டு போட்டோ எடுத்தான். குட்டி சட்டையில் பெய்தது. போனவன் திரும்பவில்லை.

அப்போதுதான் செங்கேணி வந்தான். பட்டியலில் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. தோளில் ஒரு கட்டு ஆலந்தழை, கையில் கயிற்றுச் சுருள். "என்னா டாக்டரே, ஆள் வேணுமாமே" என்றான்.

செங்கேணி யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரன்.

சிரிக்காதே. அன்றைக்கும் எல்லாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் எண்பத்தேழு ஆட்டை அடக்கி வைக்கத் தெரிந்தவன் அந்த ஊரில் வேறு யார் இருக்கிறான்? எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு முட்டி வலி. எண்பத்தேழு என்பது சரியான கணக்கு. நானே வாசலில் நின்று எண்ணினேன். பெரிய நோட்டு ஒன்று போட்டேன். ஆட்டின் நிறம், அடையாளம், உடையவர் பேர், வந்த நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. கடைசிப் பக்கத்தில் வேலைக்கு வந்தவர்கள் பேர். அப்படி ஒரு நோட்டு மாவட்டத்திலேயே கிடையாது.

வரிசையில் முதலில் நின்றவள் அஞ்சலாட்சி. மீன் விற்கிறவள். குரல் இங்கிருந்து புதுச்சந்தைக்குக் கேட்கும். கையில் ஒரு கருப்பு ஆடு, மூக்கில் மட்டும் வெள்ளைப் பொட்டு. மூக்குத்தி என்று பேர். நிறைசினை. வயிறு தரையைத் தொடுகிறது. செங்கேணி கையை நீட்டினான் கயிற்றை வாங்க. அவள் கயிற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"யோவ் டாக்டரே, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா? இவன் கண்ணுக்கு ஆடு ஆடாத் தெரியாதுய்யா. கிலோவாத்தான் தெரியும்!"

"அதான் அக்கா நல்லாப் பாத்துக்குவேன்" என்றான் செங்கேணி. "எடை கொறஞ்சா எனக்குத்தானே நட்டம்?"

வரிசை முழுக்கக் கத்த ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி அவளுடைய ஆட்டின் கண்ணையே பொத்துகிறாள், அவனைப் பார்க்கக்கூடாதாம். நான் பார்த்தேன். இப்படியே போனால் புயல் வந்து வரிசையைக் கலைத்துவிடும். ஒரு நிபந்தனை போட்டேன். செங்கேணி இடுப்பில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். தோலுரிக்கிற கத்தி, சாண் நீளம், எலும்புப் பிடி. அதை எல்லார் முன்னாலும் வாங்கி என் அறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை தலை எண்ணுவேன் என்று சொன்னேன். அப்புறம்தான் கயிற்றைக் கொடுத்தார்கள்.

என் அறை என்றால் மணமகள் அறை. ஏன், பொறுப்பாளர் எங்கே படுப்பது, ஆட்டுக்கு நடுவிலா? கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, உள்ளேயே கழிவறை இருக்கிறது, சுற்றி விளக்கு வைத்த கண்ணாடி ஒன்று இருக்கிறது. அறுபத்தைந்து வயதில் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்தால் தெரியும், எதற்காக அதை மணமகளுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று.

தூக்கை ஆட்டாதே. மூடி சரியில்லை, அதான் சத்தம்.

வேலைக்காரன், அதைச் சொல்லத்தான் வேண்டும். மஹாலில் நானூறு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக் காலோடு காலைப் பிணைத்துக் கயிறு கட்டி, அரை நாளில் கூடம் முழுக்கப் பட்டி போட்டுவிட்டான். ஒரு பட்டியில் பத்து ஆடு. ஒரே வீட்டு ஆடுகளை ஒன்றாக. புது ஆட்டைக் கண்டால் முட்டும், பழகின வாசனை பக்கத்தில் இருந்தால் படுத்துக்கொள்ளும். கிடாக்களைப் பந்திக்கூடத்தில் கைகழுவுகிற குழாய் வரிசையில் ஒவ்வொன்றாகக் கட்டினான். பார்ப்பதற்குப் பந்தி முடிந்து கை கழுவ நிற்கிற மாதிரி இருந்தது. சினை ஆடுகளை மணமேடைக்கு ஏற்றினான். மேடையில் காற்று அடிக்காது, கூட்டம் மிதிக்காது. மண்டபத்து வாட்ச்மேன் கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டான். "மொதலாளி வந்தாருன்னா என்னைப் பொலி போட்ருவாருய்யா" என்றான். "போட்டா சொல்லி அனுப்பு, நல்ல வெலைக்கு எடுத்துக்கறேன்" என்றான் செங்கேணி.

வாய் அப்படி. கை வேறு மாதிரி. தாய் செத்த குட்டி ஒன்று வந்தது, ஒரு வாரம்கூட ஆகாத குட்டி. புட்டியில் குடிக்கத் தெரியவில்லை. பால் பவுடரைக் கரைத்து, விரலை முக்கி முக்கி அதன் வாயில் வைத்துக்கொண்டே இருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை. "நீ வளத்து வெட்டப்போற, அதுக்கு இம்மாம் சீராட்டா?" என்று கோதண்டம் கேட்டான். "வெட்டறவரைக்கும் பசியோட இருக்கணுமா?" என்றான்.

மேடையைப் பார்த்துவிட்டு ஒருதடவை என்னிடம் வந்தான். "டாக்டரே, அந்த மூக்குத்தி இன்னிக்கு நாளைக்கு ஈனும் போல. மறைவு தேடுது. ஒரு மூலையா ஒதுக்கிக் குடுத்துட்டாத் தேவல."

எனக்கே சொல்கிறான். முப்பத்தொரு வருஷம். எத்தனை ஈற்றுக்குக் கையை விட்டிருக்கிறேன். "இன்னும் நாலு நாள் ஆகும், போய் வேலையைப் பார்" என்றேன்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அடிக்க ஆரம்பித்தது காற்று. அப்படி ஒரு காற்றை நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தாலும் பரவாயில்லை, குறுக்கே பேசாதே. பந்திக்கூடத்துத் தகரக் கூரை இரண்டு தடவை மூச்சு விட்டது. மூன்றாவது தடவை போயே போய்விட்டது. மழை நேராகக் கிடாக்கள் தலைமேல். செங்கேணி ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கூடத்துக்குள் கொண்டுவந்தான். பதினான்கு கிடா. ஒன்று அவன் தொடையில் முட்டியது, வாங்கிக்கொண்டான். கூடத்துக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு ரெட்டைக் கதவு. தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டுவிட்டது. முதுகைக் கொடுத்து நின்றான், காலை எதிரே தூணில் உதைத்துக்கொண்டு. ஒன்றரை மணி நேரம். பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கூடம் தெரியும். பொம்பளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நானா? நான் ஒருங்கிணைத்தேன். பொறுப்பாளர் அதைத்தான் செய்யணும். அங்கே போ, இங்கே வா என்று கத்திக்கொண்டு கூடத்துக்கும் மேடைக்கும் நடந்தேன். நடுவில் ஒருதடவை, அவசரத்தில் பூட்டாமல் வந்திருந்த என் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. போய் இழுத்துச் சாத்திப் பூட்டினேன். வேறு யாராவது அதைச் செய்தார்களா?

இரண்டு மணிக்குக் காற்று தணிந்தது. பொம்பளைகள் எல்லாம் மழையோடு மழையாக ரோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்கள். மஹால் வாசலில் அறுபது பேர். நான் நிறுத்தினேன். எண்ணாமல் ஒருத்தரையும் உள்ளே விடமாட்டேன் என்றேன். எண்ணினேன்.

எண்பத்தாறு.

மறுபடி எண்ணினேன். கோதண்டத்தை விட்டு எண்ணச் சொன்னேன். அவன் எண்பத்திரண்டு என்றான், அவன் ஒரு முட்டாள். மறுபடி நான் எண்ணினேன். எண்பத்தாறு. மேடையில் மூக்குத்தி இல்லை.

அஞ்சலாட்சி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீயே சொல். எண்பத்தேழு ஆடு. ஒன்று குறைகிறது. சினை ஆடு. உள்ளே இருந்தது யார்? நான். கோதண்டம். கறிக்கடைக்காரன் ஒருத்தன். என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள். திருடன் என்று சொல்லவில்லை, வெட்டினாய் என்று சொல்லவில்லை. எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கையை நீட்டு" என்றேன். அவ்வளவுதான்.

"எதுக்கு டாக்டரே?"

"நீட்டுடா."

நீட்டினான். இரண்டு கையையும். குனிந்து மோந்து பார்த்தேன்.

இதில் என்ன தப்பு? மாட்டு மூத்திரத்தை மோந்து பார்த்து நோய் சொன்னவன் நான். மடிநோய் என்றால் பாலைத் தொடக்கூட வேண்டாம், தொழுவத்து வாசலிலேயே சொல்லிவிடுவேன். ரத்த வாசனை எனக்குத் தப்பாது. ஒரு மனுஷன் கையை மோந்து பார்த்தால் அவன் குறைந்தா போவான்? அறுபது பொம்பளைகள் நின்றார்கள் என்றால் அதற்கு நான் என்ன செய்யட்டும்? நானா வரச் சொன்னேன்?

என்ன வாசனையா? அது எதற்கு இப்போது.

அஞ்சலாட்சிதான் எழுந்தாள். அவள் ஆடுதான் காணோம். அவள் செங்கேணியின் சட்டையைப் பிடித்திருந்தால் நியாயம். என்மேல் பாய்கிறாள்.

"யோவ், கத்தி உன் ரூமுல. ஆளு காலைலேருந்து எங்க கண்ணு முன்னாடி கதவப் புடிச்சிக்கினு நின்னான். பல்லால கடிச்சா தின்னுருப்பான்? போய்யா, போய்க் கத்தி கீதான்னு பாரு மொதல்ல!"

நியாயமான கேள்வி. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே அறுபது பேரும் வந்தார்கள். பூட்டைத் திறந்தேன்.

கட்டிலில் மெத்தைமேல் மூக்குத்தி படுத்திருந்தது. என் சால்வையில் இரண்டு குட்டி. ஈரம்கூடக் காயவில்லை. சுற்றிலும் விளக்கு வைத்த அந்தக் கண்ணாடியில் இன்னொரு மூக்குத்தி, இன்னும் இரண்டு குட்டி. என்னைப் பார்த்துவிட்டு அது தன் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. என்ன மெல்லுகிறது என்று பார்த்தேன். என் நோட்டு. அட்டை மட்டும் பாக்கி. ஈன்ற ஆட்டுக்குப் பசிக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாவட்டத்திலேயே அப்படி ஒரு நோட்டு கிடையாது.

கத்தி மேசைமேல் இருந்தது. வைத்த இடத்திலேயே.

கதவைத் திறந்து வைத்தது காற்று. ஆடு தானாகப் போயிருக்கிறது, மறைவு தேடி. பூட்டினது நான்தான், மறுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டா ஒருத்தன் தன் அறையைப் பூட்டுவான்? நீ உன் வீட்டைப் பூட்டும்போது கட்டிலில் ஆடு இருக்கிறதா என்று பார்ப்பாயா?

பொம்பளைகள் சிரித்தார்கள் பார், அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது மந்தமில்லை, நன்றாகவே இருக்கிறது. ஒருத்தி, "டாக்டரு பிரசவம் பாத்துட்டுத்தான்டி பூட்டிக்கினு வந்துக்கிறாரு" என்றாள்.

நான் அசையவில்லை. "சரி. எண்பத்தேழு வந்துவிட்டது. குட்டியோடு எண்பத்தொன்பது. கணக்கு நேர். போய் அவரவர் வேலையைப் பாருங்கள்" என்றேன். வேறு என்ன சொல்லணும்?

செங்கேணி கதவோரம் நின்றான். அவன் சிரிக்கவில்லை. குட்டிகளைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பந்திக்கூடத்துக்குப் போனான். கூரை இல்லை, மழை பெய்கிறது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். தொட்டியில் தண்ணீர் அளவாகத்தான் இருந்தது, ஆட்டுக்கு வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பொறுமை எனக்கு.

அப்புறமும் இரண்டு நாள் இருந்தான். தழை வெட்டினான், புழுக்கை கூட்டினான், அந்தக் குட்டிக்கு விரலில் பால் கொடுத்தான். நோட்டு இல்லாமல் யார் ஆடு எது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பேர் சொல்லி உடையவள் கையில் கொடுத்தான். எண்பத்தொன்பதும் போயிற்று. அந்தத் தாய் செத்த குட்டியை அஞ்சலாட்சியே வாங்கி மூக்குத்தியோடு விட்டுவிட்டாள், அது சேர்த்துக்கொண்டது. கடைசி ஆடு போனதும் கோதண்டத்திடம் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டு நடந்தான். கத்தியைக் கேட்கவில்லை. என்னிடம் போகிறேன் என்று சொல்லவும் இல்லை. முகாமில் வேலை பார்த்தவன் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா? ஒழுங்கு வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனேன். கடை பூட்டியிருக்கிறது. ஊர்ப் பொம்பளைகள்தான் காரணம் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். கையால் ஊட்டின ஆட்டை அவனே வெட்ட விற்க மாட்டோம் என்று அவர்கள் பேசிக்கொண்டது உண்மை. சில பேர் பேசினார்கள். ஆனால் அது ஒரு வாரம் கழித்து. கடை அதற்கு முன்னாலேயே பூட்டியாகிவிட்டது. புதுச்சந்தையில் வேறொருத்தர் கடையில் கூலிக்கு வெட்டுகிறான் என்று சொன்னார்கள். சொந்தக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் இருந்தவன்.

குடியரசு தினத்தில் எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வேலை பார்த்தவர்கள் எல்லாருடைய பேரும் கேட்டார்கள். பேர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நோட்டு ஆட்டு வயிற்றில். ஆதாரம் இல்லாமல் எப்படிப் பேர் கொடுப்பது? யோகா வாத்தியார் பேர் மட்டும் அவர்கள் பட்டியலிலேயே இருந்தது. அவனுக்கு ஒரு சான்றிதழ் போயிற்று.

அப்படிப் பார்க்காதே. நான் பார்த்த வேலையை நீ பார்க்கவில்லை.

அந்த இரண்டு குட்டிக்கும் அஞ்சலாட்சி பேர் வைத்தாள். ஒன்று செங்கேணி. சாதுவான குட்டி. இன்னொன்றுக்கு டாக்டர். கொடியில் காய்கிற துணியை எல்லாம் தின்னும். இன்றைக்கும் தெருவில் நடந்தால், "ஏய் டாக்டரு, உள்பாவாடைய விடுடா!" என்று யாராவது கத்துவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன். என்ன செய்வது.

மழை வலுக்கிறது பார். இதுதான் விஷயம். இன்னொன்று வருகிறது. ரேடியோவில் கேட்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை கரை தொடும் என்கிறார்கள். தாசில்தார் நேற்றுப் போன் செய்தார். புதுத் தாசில்தார். "நற்சான்றிதழ் வாங்கினவர் நீங்கதானே சார், இந்த வாட்டியும் மஹாலை நீங்களே நடத்துங்க. ஆள் பட்டியலை இன்னிக்குச் சாயந்தரம் நாலு மணிக்குள்ள குடுத்துடுங்க" என்றார். விடிந்ததும் குப்பத்துக்குப் போனேன். ஆடுகளைத் தயார் செய்யுங்கள் என்றேன். ஒருத்தி அசையவில்லை.

அஞ்சலாட்சி கூடையைக்கூட இறக்கவில்லை. "செங்கேணி வந்தான்னா ஆடு வரும். ஆடு வந்தா நாங்க வருவோம். இல்லன்னா இங்கியேதான் கெடப்போம். அலை வந்து தூக்கிக்கினு போனாப் போவட்டும், உன் கணக்குல நூறு தலை கொறைச்சி எழுதிக்க."

கறிக்கடைக்காரன் வந்தால்தான் ஆட்டைக் கொடுப்பார்களாம். போன தடவை முதல்நாள் ஆட்டின் கண்ணைப் பொத்தினவர்கள்.

அவனிடம் கேட்கத்தான் போகிறேனா என்றா கேட்கிறாய்? கறி வாங்கப் போகிறேன் என்று சொன்னேனே.

பதினோரு மாதமாக ஒரு ஞாயிறு விடாமல் போகிறேன். முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அரைக் கிலோ என்பேன். வெட்டிப் போடுவான். முகத்தைப் பார்க்கமாட்டான். கூட்டமாக இருக்கிறது, பேச நேரமில்லை என்று நானும் வந்துவிடுவேன். ஒன்று சொல்கிறேன் கேள். எங்கள் ஊரில் கடை இருந்தபோது இருபத்திரண்டு வருஷம், ஒருதடவைகூட நான் வாய் திறந்து நல்லியெலும்பு கேட்டதில்லை. கேட்காமலேயே ஒன்று போடுவான். எடை போட்டதற்கப்புறம் போடுவான். இப்போது எல்லாருக்கும் போடுகிற மாதிரிதான் எனக்கும். சுத்தமான எடை. ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து தூக்கைத் திறந்து கிளறிப் பார்ப்பேன். இருக்காது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று ஏறின உடனே சொன்னாயே. வெள்ளிக்கிழமை நான் கறி தொடமாட்டேன். அது அவனுக்கும் தெரியும். அதனால் இன்றைக்கு நான் போய் நின்றால், கறிக்கு வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை கூட்டமும் இருக்காது.

புதுச்சந்தை வளைவு வந்துவிட்டது. அதோ, பச்சைத் தட்டி போட்ட கடை. பார், ஒருத்தரும் இல்லை. முண்டா பனியன் போட்டுக்கொண்டு மரக்கட்டையைச் சுரண்டுகிறானே, அவன்தான். இளைத்திருக்கிறான்.

இந்தக் காகிதத்தைப் பிடி. நாலு மணிக்குக் கொடுக்க வேண்டியது. எழுத்து புரிகிறதா? படி. வாய்விட்டுப் படி, எனக்குக் கண்ணாடி போட நேரமில்லை. பொறுப்பாளர் என்று போட்டிருக்கிற இடத்தில் யார் பேர்? ஆமாம், செங்கேணி. அவன் அப்பா பேர் தெரியவில்லை, கேட்டு எழுதணும். அதற்குக் கீழே உதவியாள். அங்கே யார் பேர்?

வாயை மூடு. சிரித்தது போதும். முட்டி வலியோடு புழுக்கை கூட்டினால்தான் உங்களுக்கெல்லாம் திருப்தி.

தூக்கைக் கொடு. மெதுவாக, சாய்க்காதே. உள்ளே அவன் கத்தி இருக்கிறது. பயப்படாதே, காகிதம் சுற்றித்தான் வைத்திருக்கிறேன். வந்து கேட்பான், கொடுக்கலாம் என்று இருந்தேன். அவன் நான் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று இருந்திருக்கிறான் போல. வாரா வாரம் எண்ணெய் போட்டேன், துருப்பிடிக்கவில்லை.

கண்டக்டர், நிறுத்து. கிழவன் இறங்கணும்.

முன்னே கேட்டாயே, என்ன வாசனை என்று. பால். அந்தக் குட்டிக்குக் கரைத்த பவுடர் பால். வேறு ஒரு வாசனையும் இல்லை. மோந்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே, வாயைத் திறந்து சொல்ல வரவில்லை.

இப்போது கத்தியைக் கொடுத்துவிட்டு என் கையை நீட்டப் போகிறேன், இரண்டு கையையும். வேண்டுமானால் அவனும் மோந்து பார்த்துக்கொள்ளட்டும்.

காலை மடக்கு. வழி விடு.